புகைப் பந்தலை நம்பி இருக்க முடியாது

மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்கும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் அது இருக்கும் இடமே தெரியாது. மார்கழியில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே தங்கிவிடும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கரித்தூள் வந்து ஒட்டும். தட்டினால் போகாது, தீற்றிக்கொள்ளும். அம்மா இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கோலம் போடுவார்.

அதனால்தான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பிய செய்தி என்னைச் சுட்டது. காற்றைச் சுத்தம் செய்ததால்தான் பூமி சூடாகிறதாம், புகை இருப்பதே நல்லதாம்.

முதல் பாதியில் உண்மை கலந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டைஆக்சைடு, காற்றில் நுண்துகளாக மாறி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து, கந்தகம் வான் உச்சிக்குப் போனதில் உலக வெப்பநிலை சில காலம் ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. மனிதர்கள் விடும் புகையும் கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை மறைத்து வந்திருக்கிறது. சீனா ஆலைப்புகையை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. இந்தப் புகைப் பந்தல் பிரியப் பிரிய வெயில் நம்மேல் கூடுதலாக விழுகிறது.

ஆனால் புகை மறைத்த அந்த வெப்பத்தைச் சேர்த்துவைத்தது கரியமில வாயு அல்லவா? தரைக்குப் பக்கத்துக் காற்றில் கந்தகத் துகள் சில நாள்களில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். பந்தல் நிற்க வேண்டுமென்றால் தினமும் புதிதாக எரிக்க வேண்டும். எரிக்க எரிக்க அந்த வாயுவும் ஏறும். கந்துவட்டிக்கு வாங்கிப் பழைய கடனுக்கு வட்டி கட்டும் கதைதான்.

எல்லாப் புகையும் குளிர்விப்பதும் இல்லை. வேட்டியைக் கெடுக்கும் அதே கரி, நுண்துகளாகக் காற்றில் மிதக்கும்போது வெயிலை உறிஞ்சிச் சூடேற்றுகிறது. மட்கும் குப்பை மேட்டிலிருந்து வரும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் போலத்தான் அதன் ஆயுள். இன்றைக்குக் குறைத்தால் நம் கண்முன்னே பலன் தெரியும். கந்தகத்தை நீக்குகிற கையோடு கரியையும் மீத்தேனையும் குறைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. குப்பையைத் தரம் பிரித்தாலே இரண்டிலும் நம் தெருவின் பங்கு குறையும்.

மாமா, அடுத்த முறை வரும்போது விடியற்காலையில் மாடிக்கு வாருங்கள். உங்கள் அக்கா படியேறி வந்து மூச்சு வாங்குவதைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். புகை நல்லது என்று அப்போதும் தோன்றினால் அவரிடமே சொல்லுங்கள்.