பதின்மூணாவது ஆளை யாரு உள்ள விட்டது?

சனிக்கிழமை லைவ் பாத்தவங்களுக்கு விளக்கம் தேவையில்ல. பாக்காதவங்க தேடிப் போய் பாக்க வேண்டாம், நேரமாவது மிச்சம். முதல்ல சபையைத் துன்பப்படுத்திட்டு அப்புறம் இயேசுவைத் தரிசனத்துல கண்டேன்னு மாறின பவுல் இருக்காரே, அவரு அப்போஸ்தலனே (இயேசு அனுப்பின ஆளே) இல்லன்னு பேசி, அந்தப் பிரதர் சிரிச்சுக்கிட்டே கேட்டாரே, "பன்னிரண்டு பேரை இயேசுவே கூப்பிட்டாரு, இந்தப் பதின்மூணாவது ஆளை யாரு உள்ள விட்டது?"ன்னு, உடனே ஸ்க்ரீன் முழுக்க ஹார்ட்டா பறந்துச்சே, அதைப் பத்திதான். ஞாயித்துக்கிழமை பூரா வாய மூடிக்கிட்டு இருந்தேன். நான் போட்ட கமெண்டை தூக்குனதுகூட பரவாயில்ல, அவங்க பேஜ், அவங்க இஷ்டம். தூக்கிட்டு "புதுசா வந்தவங்க கொஞ்சம் அமைதியா கேட்டுப் பழகணும்"னு சொன்னாரு பாருங்க, அதான் இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

சரி, யாரு உள்ள விட்டதுன்னு கேட்டீங்கள்ல, பதில் சொல்றேன். பேதுரு விட்டாரு. யோவான் விட்டாரு. இயேசுவோட சகோதரன் யாக்கோபு விட்டாரு. கலாத்தியர் 2:9, எருசலேம் சபைக்குத் தூண்களாக எண்ணப்பட்ட மூணு பேரும் பவுலுக்கும் அவரோட கூட்டாளி பர்னபாவுக்கும் நம்ம ஆளுங்கதான்னு ஏத்துக்கிட்டு வலது கை கொடுத்தாங்கன்னு இருக்கு. இயேசு கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, அவரு பிடிபட்ட ராத்திரியில தோட்டத்துல இருந்தவங்க அதுல ரெண்டு பேரு. பவுலை வேண்டாம்னு சொல்ல உலகத்துலயே யாருக்காவது உரிமை இருந்துச்சுன்னா அவங்களுக்குத்தான் இருந்துச்சு. அவங்க கை கொடுத்துட்டாங்க. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு ரிங் லைட் போட்டு உக்காந்துக்கிட்டு "நாங்க இன்னும் கை கொடுக்கல"ன்னா, உங்க கைய யாருங்க கேட்டா?

உடனே வருவீங்க தெரியும். "சிஸ்டர், அது பவுலே எழுதின லெட்டர், அவரே அவருக்கு சாட்சியா?" நியாயமான கேள்விதான். ஆனா அந்த லெட்டர் யாருக்குப் போச்சுன்னு பாருங்க. அவரைப் பிடிக்காதவங்க ஏற்கனவே உள்ள புகுந்து "இவன் எருசலேம் ஆளே இல்ல"ன்னு சொல்லி சனங்களைக் கலைச்சு வச்சிருந்த சபைகளுக்குப் போச்சு. கி.பி. 48க்கும் 55க்கும் நடுவுல எப்பவோ எழுதினதுன்னுதான் அறிஞர்கள்ல பெரும்பாலானவங்க சொல்றாங்க. யாக்கோபு கொல்லப்பட்டது 62ல. அப்ப எழுதின நேரத்துல மூணு தூண்ல ஒருத்தராவது எருசலேம்ல உயிரோட இருக்காரு, போய்க் கேட்டா தெரிஞ்சிரும். பொய் சொல்றவன் அப்படி ஒரு லெட்டர்ல பேர் போட்டு, நாள் கணக்கு போட்டு, "மூணு வருஷம் கழிச்சுப் போனேன், கேபாகூட (பேதுருதான்) பதினஞ்சு நாள் தங்கினேன், யாக்கோபைத் தவிர வேற அப்போஸ்தலரைப் பாக்கல, தேவனுக்கு முன்னாடி சொல்றேன் பொய் சொல்லல"ன்னு எழுதுவானா? அதோட விடாம, யூதரல்லாதவங்ககூட சாப்பிடுறதை நிறுத்தினதுக்காக அந்தியோகியாவுல பேதுருவை முகத்துக்கு நேரா எதிர்த்தேன், பர்னபாவே அந்தப் பக்கம் சாஞ்சுட்டாருன்னு அதே பக்கத்துல தனக்கு அசிங்கமானதையும் எழுதுறாரு. (அந்தச் சண்டையில யார் ஜெயிச்சான்னு பவுல் சொல்லவே இல்லயே, அப்ப தோத்துட்டாருன்னுதானே அர்த்தம்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல. இருக்கட்டுமே, தோத்தா அப்போஸ்தலன் இல்லையா?)

2 பேதுருவுல "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்"னு வருது, அதை ஏன் சொல்லலன்னு நம்ம பக்கத்து ஆளுங்களே கேப்பாங்க. அதை எழுதினது பேதுருதானான்னு பெரிய சண்டை ஓடுது, அதனால சாட்சிக்கு இழுக்கல. எனக்கு அது தேவையும் இல்ல. கை கொடுத்தாச்சுங்க. முடிஞ்சுது.

அடுத்தது அந்த அப்போஸ்தலர் நடபடிகள் 1:21. லைவ்ல அதைப் பெரிய பிரம்மாஸ்திரம் மாதிரி எடுத்தாரு. யோவான் ஸ்நானன் காலத்துல இருந்து இயேசு மேல போற வரைக்கும் கூட இருந்தவன்தான் தகுதி, அப்படித்தான் யூதாஸ் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டு எடுத்தாங்க, பவுல் இந்தக் கண்டிஷன்ல ஃபெயில்னு. ஆமா, ஃபெயில்தான். பவுல் ஒரு இடத்துலயும் நான் பன்னிரண்டுல ஒருத்தன்னு சொல்லல. 1 கொரிந்தியர் 15ல பன்னிருவருக்குக் காட்சி கொடுத்ததை தனியா எழுதிட்டு, கடைசியில "அகாலப்பிறவி போன்ற எனக்கும்"னு தன்னை வேற வரிசையில நிறுத்திக்கிறாரு. மத்தியாவை எடுத்தது அவசரம், உண்மையான பன்னிரண்டாவது பவுல்தான்னு சில போதகர்கள் சொல்வாங்க, அதுலயும் எனக்கு நம்பிக்கை இல்ல, பாவம் மத்தியா என்ன பண்ணாரு.

ஆனா இதே ஸ்கேலை எடுத்துக்கிட்டு யாக்கோபுகிட்ட போங்களேன். இயேசுவோட சகோதரன் யாக்கோபு. பன்னிரண்டுல அவரு இல்ல. அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கலன்னு யோவான் 7:5 சொல்லுது. ஊழியம் நடந்த காலம் பூரா வெளிய நின்னவரு, உயிர்த்தெழுந்த பிறகு தனக்குக் கிடைச்ச ஒரு தரிசனத்தோட உள்ள வந்தவரு, கொஞ்ச வருஷத்துல எருசலேம் சபைக்கே தலைவர். பவுல் கேஸும் யாக்கோபு கேஸும் எவ்வளவு கிட்ட இருக்குன்னு தெரியுதா? யாக்கோபு சபையைத் துன்பப்படுத்தல, அது பெரிய வித்தியாசம், ஒத்துக்கறேன். ஆனா கூட இருந்தாத்தான் தகுதின்னா அவரும்தான ஃபெயில்? அவரை யாரு உள்ள விட்டதுன்னு லைவ் போட்டீங்களா? போட மாட்டீங்க. ஏன்னா அவரு குடும்பம். ரத்த சொந்தம். குடும்பத்து ஆளு லேட்டா வந்தா "வந்துட்டாரு"ன்னு சேர் போடுவாங்க, வெளி ஆளு வந்தா "எதுக்கு வந்தான்?"னு கேப்பாங்க.

இது எனக்குப் புக்ல படிச்ச விஷயம் இல்ல. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஜெபவீடு. கல்யாணம் ஆகி வேற ஊரு, வேற சபை, பெரிய கோயில். சண்டே ஸ்கூல்ல டீச்சர் வேணும்னு அறிவிச்சாங்க, ஆசையா போய் பேர் கொடுத்தேன். "உங்க பழைய சபையில லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா." அந்தப் பாஸ்டர் அதுக்குள்ள கர்த்தருக்குள்ள போய்ட்டாரு, ஜெபவீடும் மூடிட்டாங்க, நான் யார்கிட்ட போய் லெட்டர் வாங்க? அதே மாசம் ஒரு தம்பிய எடுத்தாங்க, கிறிஸ்மஸ்க்கும் ஈஸ்டருக்கும் மட்டும் முகம் காட்ற தம்பி, லெட்டர் கிட்டர் ஒண்ணும் இல்ல, அவங்க தாத்தா கோயில் கட்டும்போது கல்லு எடுத்துக் கொடுத்தவராம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து 2 கொரிந்தியர் 3 படிச்சேன். சிபாரிசு நிருபம் எங்களுக்கு வேணுமான்னு கேட்டுட்டு "எங்கள் நிருபம் நீங்கள்தானே"ன்னு எழுதுறாரு பாருங்க. அந்த மனுஷன்கிட்டயும் லெட்டர் கேட்டிருக்கானுங்க! தான் தொடங்கி வச்ச சபையே கேட்டிருக்கு!

அப்புறம் இந்த ஆராய்ச்சியெல்லாம் ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசுறாங்க. ரெண்டாம் நூற்றாண்டுலயே எபியோனியர்னு யூத முறைமையை விடாத ஒரு கிறிஸ்தவக் கூட்டம் பவுலைத் துரோகின்னு தள்ளி வச்சிருந்துச்சு, அந்தக் காலத்து பிஷப் ஐரேனியஸ் எழுதி வச்சிருக்காரு. நாலாம் நூற்றாண்டுல சைப்ரஸ் பிஷப் எப்பிபானியஸ் அவங்க சொன்ன கதை ஒண்ணையும் பதிவு பண்ணியிருக்காரு. என்ன கதை தெரியுமா? பவுல் யூதனே இல்லையாம், கிரேக்கனாம், எருசலேமுக்கு வந்த இடத்துல ஒரு ஆசாரியர் மகள் மேல ஆசைப்பட்டு அதுக்காக விருத்தசேதனம் பண்ணிக்கிட்டானாம், பொண்ணு கிடைக்கல, அந்தக் கடுப்புல விருத்தசேதனம் வேண்டாம், ஓய்வுநாள் வேண்டாம், மோசேயோட நியாயப்பிரமாணமே வேண்டாம்னு எழுத ஆரம்பிச்சுட்டானாம்.

இதை முதல் தடவை படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. ஏன்னா என்னையும் அதேதான் சொன்னாங்க. "மாப்பிள்ளைக்காக மாறின பொண்ணு." நான் ஞானஸ்நானம் எடுத்தப்ப அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. தேதி போட்ட சர்ட்டிபிகேட்டே இருக்கு, அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டா திரிய முடியும்? ஒரு ஆளோட நம்பிக்கையை மறுக்கணும்னா ஈஸியான வழி இதான், அவனுக்கு வேற ஏதோ நோக்கம் இருந்துச்சுன்னு ஒரு கதை கட்டி விட்டுரணும்.

சரி, தரிசனம் மேட்டருக்கு வர்றேன், இதுதான் உண்மையிலயே கஷ்டமான கேள்வி. தரிசனம் கண்டேன்னு யாரு வேணா சொல்லலாமே? பழைய காலத்துலயே இந்தக் கேள்விய அழகா கேட்டிருக்காங்க. ரோம் சபைத் தலைவரா இருந்த கிளெமெந்து பேர்ல ஓடின ஒரு கதையில பேதுரு மந்திரவாதி சீமோனைப் பாத்துக் கேக்குற மாதிரி வரும், இயேசு ஒரு வருஷம் பூரா முழிச்சிருந்த எங்களுக்குப் போதிச்சாரே, தரிசனத்துலயே எல்லாம் கத்துக்கலாம்னா அது எதுக்குன்னு. சீமோன்னு பேர் இருந்தாலும் அந்த அடி பவுலுக்குத்தான்னு நெறைய அறிஞர்கள் சொல்றாங்க. நடபடிகள்லயே தமஸ்குக்குப் போற வழியில பவுல் தரிசனம் கண்ட கதை மூணு தடவை வருது, கூட வந்தவங்க சத்தம் கேட்டாங்கன்னு 9ல இருக்கு, கேக்கலன்னு 22ல இருக்கு. அதுக்குச் சமாதானம் சொல்ற ஆளுங்க இருக்காங்க, நான் இறங்கல.

நான் சொல்றது ஒண்ணுதான். தரிசனத்தை வச்சு மட்டும் அவரு நிக்கல. கலாத்தியர் 2:2 படிங்க, தான் பிரசங்கிக்கிறதைக் கொண்டுபோய் எருசலேம் பெரியவங்க முன்னாடி வச்சுக் காட்டுறாரு, ஓடின ஓட்டம் வீணாயிரக் கூடாதுன்னு. "அவர்கள் எப்படிப்பட்டவர்களாயிருந்தாலும் எனக்குக் கவலையில்லை"ன்னு நாலு வசனம் தள்ளி ஒரு குத்தும் குத்துறாரு, அது வேற, மனுஷன்தானே, காயம் பட்டிருக்கும். ஆனா போனாரு, வச்சாரு, அவங்க பாத்தாங்க, கை கொடுத்தாங்க.

இப்ப நம்ம ஊர் அப்போஸ்தலர்களைப் பாருங்க. ஃப்ளெக்ஸ் போர்டுல "அப்போஸ்தலர் டாக்டர்"னு போட்டுக்கிறாங்களே, அவங்களுக்கு யாரு கை கொடுத்தா? எந்தப் பெரியவங்க முன்னாடி கொண்டுபோய் வச்சாங்க? பவுல் தன் தகுதிக்குக் கொடுத்த லிஸ்ட் 2 கொரிந்தியர் 11ல இருக்கு, அஞ்சு தடவை ஒண்ணு குறைய நாப்பது அடி, மூணு தடவை மிலாறடி (பிரம்படி), ஒரு தடவை கல்லெறி, மூணு தடவை கப்பல் சேதம். கூடாரம் தச்சு சாப்பிட்டவரு. லைவ் போட்ட பிரதரே, உங்க பழைய போஸ்ட்டர்ல உங்க பேருக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. பவுலுக்கு அந்தப் பட்டம் கிடையாது, உங்களுக்கு மட்டும் உண்டாக்கும்?

"இயேசு நியாயப்பிரமாணத்தை அழிக்க வரலன்னாரு, பவுல் அழிச்சிட்டாரு" கோஷ்டிக்குச் சுருக்கமா. நடபடிகள் 15ல நம்ம பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தடின்னு பேசினது பேதுரு. புறஜாதியாரை (யூதரல்லாதவங்களை) கலங்கப் பண்ணாதீங்கன்னு தீர்ப்பு சொன்னது யாக்கோபு. கோவம்னா அவங்க மேல கோவப்படுங்க.

"சபையில பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு பவுல் சொன்னாரே, நீங்க ஏன் அவருக்காகப் பேசுறீங்க"ன்னு சிரிப்பு ஸ்மைலி போட்ட அண்ணனுக்கு: ரோமர் 16ல பெபேயாள்ல இருந்து வரிசையா எத்தனை பொம்பளைங்க பேர் சொல்லி வாழ்த்துறாருன்னு எண்ணிட்டு வாங்க. 1 கொரிந்தியர் 14 பத்தி எனக்கும் வருத்தம் இருக்கு, அதைத் தனியா எழுதுவேன், உங்க ஸ்மைலிக்காக இன்னைக்கு எழுத மாட்டேன்.

எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்கிறது வேற இடம். மக்கெதோனியா, அகாயான்னு அலைஞ்சு எருசலேம்ல இருக்குற ஏழைகளுக்குப் பணம் சேத்தாரே. புறப்படுறதுக்கு முன்னாடி ரோமர் 15:31ல ஒண்ணு கேக்குறாரு, நான் கொண்டுபோறதை அங்க இருக்குறவங்க ஏத்துக்கணும்னு ஜெபம் பண்ணுங்கன்னு. பணத்தைக் கொண்டுபோற ஆளு, வாங்கிக்குவாங்களோ மாட்டாங்களோன்னு பயப்படுறாரு! போனா, யாக்கோபும் அவரோட கூடியிருந்த சபை மூப்பருங்களும், நியாயப்பிரமாணத்தை விடச் சொல்றேன்னு உன்னைப் பத்தி ஊர்ல பேசுறாங்க, இந்த நாலு பேருக்கு நேர்த்திக்கடன் செலவைக் கொடுத்து நீயும் சுத்திகரிச்சுக்க, எல்லாரும் நம்புவாங்கன்னு சொல்றாங்க. சொன்னபடி செஞ்சாரு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதா இல்ல. அந்த ஏழு நாள் முடியப் போற நேரத்துல அதே தேவாலயத்துலதான் பிடிச்சு அடிச்சாங்க. செசரியாவுல ரெண்டு வருஷம் காவல், அப்புறம் ரோம். அந்த ரெண்டு வருஷத்துல எருசலேம் சபையில இருந்து ஒருத்தர் வந்து பாத்தாங்க, அவருக்காகப் பேசினாங்கன்னு நடபடிகள்ல ஒரு வரி கிடையாது. அதுக்கு முன்னாடி எருசலேம்லயே காவல்ல இருந்தப்ப, உன்னைக் கொல்லத் திட்டம் போட்டிருக்காங்கன்னு எச்சரிக்கை சொல்ல ஓடி வந்தது அவரோட அக்கா தங்கச்சி மகன் ஒரு பையன்.

இதையே திருப்பி என் மேல போடுவீங்க, தெரியும். "பாத்தீங்களா, கை கொடுத்தவங்களே கை விட்டாங்க, அப்ப ஏத்துக்கலன்னுதானே அர்த்தம்"னு. இல்ல. கை கொடுத்தது கொடுத்ததுதான். கொடுத்தவங்க அப்புறம் பயந்திருக்கலாம், ஊர் வாயிக்கு அஞ்சியிருக்கலாம், அது அவங்க கணக்கு. பெரிய கோயில்ல எனக்காக ஐயரம்மா (பாஸ்டரோட மனைவி) ஒரே ஒரு தடவை கமிட்டியில பேசினாங்க, அடுத்த வாரம் என்னைப் பாத்து வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அதுக்காக அவங்க முதல் வாரம் பேசினது பொய்யா?

"லைவ்க்கு வாங்க சிஸ்டர், நேர்ல பேசலாம்"னு மெசேஜ் வந்திருக்கு. வரல. அங்க மைக் உங்க கையில, மியூட் பட்டன் உங்க கையில. கலாத்தியர் முதல் ரெண்டு அதிகாரம், மிஞ்சிப் போனா பத்து நிமிஷம், படிச்சிட்டு இதே போஸ்ட்டுக்குக் கீழ வசனத்தோட எழுதுங்க, எதிர்த்து எழுதினாலும் இருக்கும், தூக்க மாட்டேன். "நீ எப்ப வந்தவ"ன்னு ஆரம்பிக்கிற கமெண்ட் மட்டும் இருக்காது.