பிப் மறுத்த பணம்

சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அதன் நாயகன் பிப்பின் மானமுள்ள செயலாக நண்பர்கள் ஒன்றையே எடுத்துக்காட்டுகிறார்கள். தன்னைக் கனவானாக்கச் செலவிட்டவர் நாடு கடத்தப்பட்ட கைதியான மேக்விட்ச் என்று தெரிந்தபின், அவருடைய பணத்தில் ஒரு காசும் இனித் தொடுவதில்லை என்று அவன் எடுத்த முடிவுதான் அது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரின் பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹவிஷாம்தான் கொடுக்கிறார் என்று எண்ணியிருந்த காலத்தில் அதே பணத்தை அவன் கூசாமல் வாங்கினான். போதாமல் கடனும் பட்டான். ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்து உழைத்துச் சேர்த்த கை என்று தெரிந்ததும்தான் அவனுக்கு உடல் கூசியது. அருவருப்புக்கு மானம் என்று பெயர் வைப்பது எப்படிச் சரியாகும்?

பிப்பை வளர்த்த அவன் அக்காவின் கணவர், கொல்லர் ஜோவும் பணத்தை மறுக்கிறார். தொழில் பழகிக்கொண்டிருந்த பிப்பை விட்டுக்கொடுப்பதற்கு வழக்கறிஞர் ஜாகர்ஸ் ஈடு தர முன்வந்தபோது, பிள்ளையின் இழப்பைப் பணத்தால் ஈடுகட்ட முடியுமா என்று கலங்கியவர், அவர் மீண்டும் வற்புறுத்தவே சண்டைக்கே நின்றுவிடுகிறார். பிற்காலத்தில் நோயுற்ற பிப்பைப் பேணி, அவனுடைய நகைக்கடைக் கடனையும் (123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ்) அடைத்துவிட்டு, அவன் விழிக்கும் முன்பே ஊர் திரும்புகிறார். ஆனாலும் ஜோவைக் குறையற்றவராக்கிவிட வேண்டாம்: மனைவியின் பிரம்படியிலிருந்து அந்தச் சிறுவனை அவரால் காக்க முடியவில்லை. தடுத்தால் அடி கூடும் என்று அவர் பின்னால் சொல்லும் காரணம் உண்மையானதுதான். அடி வாங்கிய பிள்ளைக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

பிப்பின் கண்ணியத்தை நான் வேறோர் இடத்தில் காண்கிறேன். இருபத்தொரு வயது நிறைந்த நாளில் கிடைத்த 500 பவுண்டில் பாதியை, நண்பன் ஹெர்பர்ட் அறியாமல், அவனுக்கு ஒரு வணிக நிறுவனத்தில் பங்கு வாங்கித் தருவதற்கு அவன் கொடுக்கிறான். அதுவும் மேக்விட்சின் பணமே என்பதை டிக்கன்ஸ் தெரிந்தே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மீதியைக் கட்ட வழியற்றபோது, மிஸ் ஹவிஷாமிடம் போய் 900 பவுண்டு கேட்கிறான். உனக்கென்று எதுவும் வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம் என்கிறான். ஹெர்பர்ட்டுக்கு இது தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின. அப்போதும் சொன்னவன் பிப் அல்லன்.