அமைதிப் பேச்சுவார்த்தைக்கு யாரைக் கூப்பிடுகிறோம்?

எங்கள் காவிரி டெல்டா பக்கத்தில் சாதி, மதம் என்று ஒரு கலாட்டா நடந்தால் அடுத்து என்னென்ன நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதலில் வேன் வேனாகப் போலீஸ் இறங்கும், அப்புறம் எஃப்.ஐ.ஆரில் கொஞ்சம் பெயரும் 'மற்றும் பலர்' என்ற அந்தப் பிரபலமான ஆசாமியும் ஏறுவார்கள், அதற்கப்புறம் தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. மேசைக்கு அந்தப் பக்கம் தாசில்தார், பக்கத்தில் டி.எஸ்.பி., ஒரு வரிசையில் இவர்கள், எதிர் வரிசையில் அவர்கள். 'இரு தரப்பினரும் சட்டம் ஒழுங்கிற்குப் பாதகம் ஏற்படாத வகையில் நடந்துகொள்ள ஒப்புக்கொண்டனர்' என்று ஒரு தாள், கீழே கையெழுத்து, எல்லோருக்கும் டீ. மறுநாள் பேப்பரில் 'சுமுக முடிவு'.

அந்தக் கூட்டத்தின் ஃபோட்டோ எப்படியும் வாட்ஸ்அப்பில் வரும், ஒரு தடவை பெரிசாக்கிப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் எல்லாம் ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளைகள். ஒன்றியம், கிளைச் செயலாளர், காண்ட்ராக்டர், முன்னாள் தலைவர். கல்லெறிந்த பையன் அதில் இல்லை. அவன் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், யாரோடு சுற்றுகிறான், போனில் யாருடைய பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று தெரிந்த அவன் அம்மாவும் இல்லை. தெரியாதவர்களைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போடுகிறோம், தெரிந்தவர்களை வீட்டில் விட்டுவிடுகிறோம். எனக்கு இதுதான் பல வருடமாக ஆத்திரம்.

'நாம் என்ன சிரியாவா, சோமாலியாவா, இங்கே எதற்கு இந்தப் பேச்சு' என்று சிலர் கேட்பார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்து செத்தது அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில்தான். அது ஒரு ராத்திரியில் வந்த வெறி இல்லை. கூலித் தகராறு, வெளியூர் ஆள்களை இறக்கி அறுப்பு, செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக் கொடியை ஏற்றச் சொல்லி மிரட்டல் என்று அதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரியும்படிதான் முற்றிக்கொண்டு வந்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் ஹைகோர்ட்டில் விடுதலையானார்கள். முதல் குற்றவாளியாக இருந்தவர் 1980-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். கோர்ட்டில் கணக்கு முடியவில்லை என்று நினைக்கிறவர்கள் வெளியே கணக்குப் பார்ப்பார்கள் என்பதைப் படிக்க நாம் ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை.

சரி, வெண்மணிக்கு அப்புறம் இந்தப் பகுதி ஏன் மேலும் மேலும் எரியவில்லை? அதற்குப் பல காரணம் உண்டு, சங்கம் ஒரு காரணம், கூலிச் சட்டம் ஒரு காரணம். நான் இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் படுகொலைக்குப் பிறகு காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இங்கே வந்தார்கள். ஆறுதல் சொல்லிவிட்டுக் கார் ஏறிப் போகவில்லை, தங்கினார்கள். 1981-இல் 'லாஃப்டி' என்ற அமைப்பை ஆரம்பித்து, மிராசுதார்களிடம் பேசி, பேங்க் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமில்லாத பெண்கள் பெயரில் பத்திரம் பதிந்தார்கள். பெண்கள் பெயரில், கவனியுங்கள். ஆம்பிளை பெயரில் இருந்தால் ஒரு கல்யாணத்துக்கோ ஒரு குடிக்கோ போய்விடும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. 2008-இல் மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் கிடைத்தது, 2020-இல் கிருஷ்ணம்மாளுக்கு பத்மபூஷண். விருதை விடுங்கள். மிராசுதார் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேச முடிகிற, சேரியிலும் படுத்துத் தூங்குகிற ஒரு ஆள் வருடக் கணக்காக ஒரு இடத்தில் இருந்தார், பேசியதோடு நிற்காமல் சண்டைக்கு அடியில் இருந்த நிலத்தையே கையில் எடுத்தார். சமூக அளவில் அமைதி வேலை என்று கருத்தரங்கில் பேசுகிறார்களே, அது இதுதான்.

கென்யாவில் வஜீர் என்று சோமாலி இன மக்கள் வாழ்கிற ஒரு வறண்ட மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் பஞ்சம், ஆடு மாடு சாவு, குலங்களுக்குள் வெட்டுக்குத்து. அங்கே அமைதி வேலையை ஆரம்பித்தது சந்தையில் வியாபாரம் செய்த பெண்கள். எந்தக் குலத்துப் பெண்ணாக இருந்தாலும் இந்தச் சந்தையில் விற்கலாம், வாங்கலாம், யாரும் தடுக்கக் கூடாது, முதலில் இதைக் காப்பாற்றுவோம் என்று. அதற்கப்புறம்தான் பெரியவர்களைப் பிடித்தார்கள், இளைஞர்களைப் பிடித்தார்கள், கடைசியாகத்தான் அரசாங்கம். முன்னால் நின்றவர்களில் ஒருவர் டெக்கா இப்ராஹிம் அப்தி, அவருக்கும் 2007-இல் அதே ரைட் லைவ்லிஹுட் விருது. நம் ஊரில் வரிசை அப்படியே தலைகீழ்.

நம் பக்கத்தில் அந்தச் சந்தை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். முன்பு நடவும் அறுப்பும் இருந்தன. அது சமத்துவம் இல்லை, வரப்பில் நிற்கிறவன் ஒருவன் சேற்றில் நிற்கிறவன் ஒருவன், அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியும். இப்போது அறுவடை மிஷின் வந்து காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுப் போகிறது. தெருப் பையனுக்கும் காலனிப் பையனுக்கும் பேச வேண்டிய அவசியமே இல்லை, ஒருவனை ஒருவன் ஸ்டேட்டஸில்தான் பார்க்கிறான். மிச்சம் இருப்பது நூறு நாள் வேலையும் மகளிர் சுயஉதவிக் குழுவும்தான்.

கிண்டலாகச் சொல்லவில்லை. போன வருடம் எங்கள் ஊர்த் திருவிழா சமயத்தில் ராத்திரி ஒரு ஃபிளெக்ஸ் கிழிந்து கிடந்தது. கிழித்தது காலனிப் பையன்கள்தான் என்று அரை மணி நேரத்தில் ஆடியோ பரவிவிட்டது, பைக்குகள் கடைத்தெருவில் சேர ஆரம்பித்தன. நூறு நாள் வேலையில் ஒன்றாக மண் தூக்குகிற இரண்டு அக்காக்கள், ஒருவர் இந்தத் தெரு, ஒருவர் அந்தத் தெரு, போனில் பேசிக்கொண்டார்கள். "ஏண்டி, ஒங்க பயலுவோ எங்கடி இருக்கானுவோ?" "எல்லாம் எங்க வீட்டுத் திண்ணையிலதான் கேரம் ஆடுதுவோ, வந்து பாரு." வந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்கே போய், தன் கொழுந்தன் மகன் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு விரட்டினார். ஃபிளெக்ஸ் லாரியில் மாட்டிக் கிழிந்தது என்று காலையில் தெரிந்தது. இந்த இரண்டு பேரையும் எந்த அமைதிக் குழுவிலும் யாரும் சேர்த்ததில்லை, சேர்க்கச் சொன்னால் 'பொம்பளைங்க எதுக்கு சார்' என்பார்கள்.

இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிராவில் பிவண்டி, விசைத்தறி ஊர், 1970-லும் 1984-லும் பெரிய மதக் கலவரம் பார்த்த இடம். 1988-இல் அங்கே போலீஸ் அதிகாரியாக வந்த சுரேஷ் கோபடே, மொஹல்லா கமிட்டி என்று வட்டாரம் வட்டாரமாக இந்துக்களையும் முஸ்லிம்களையும் சேர்த்து உட்கார வைத்தார். அவர் செய்த புத்திசாலித்தனம், பிரமுகர்களை ஓரங்கட்டிவிட்டுச் சாதாரண ஆள்களைச் சேர்த்ததும், கலவரம் இல்லாத காலத்திலேயே கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தியதும். குழாயடிச் சண்டை, வாசல் சண்டை எல்லாம் அங்கே பேசப்பட்டது. பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு பக்கத்திலேயே மும்பை பற்றி எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகா நாம் முறை வைப்பது யார் யாருக்கு என்று முதல் தடவை பேசுகிறோம்?

நம் கும்பகோணம் பக்கத்துத் திருபுவனத்தில் 2019 பிப்ரவரி 5 அன்று, மதம் பரப்ப வந்தவர்களோடு பகலில் வாக்குவாதம் செய்த ஒருவர் அன்று இரவே வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்குப் போனது, அது போக வேண்டிய இடம்தான். கொலைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது, யாரும் சொல்லவும் கூடாது. என் வருத்தம் வேறு. இந்து முஸ்லிம் ஒற்றுமை என்று சொல்லி, நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டியது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்று நூறு தடவை எழுதியிருப்போம், கந்தூரிக்குப் போய் செல்ஃபி போட்டிருப்போம். அந்தப் பெருமை முழுவதும் உண்மை. ஆனால் பகலுக்கும் இரவுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் போன் போட்டுப் பேசுகிற ஒரு ஏற்பாடு அந்தப் பெருமையிலிருந்து தானாக முளைத்துவிடாது.

இங்கே அரசு என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் காத்தான்குடியைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் அந்த ஊர்க்காரன். அவனைப் பற்றி முதலில் புகார் சொன்னது யார்? அதே ஊர் முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் அவன் ஆள்கள் சூஃபி பிரிவினரோடு மோதினார்கள், அதற்கப்புறம் அவன் தலைமறைவு. ஊர்க்காரர்கள் எச்சரித்தார்கள், இந்திய உளவுத்துறையும் அந்த ஏப்ரல் ஆரம்பத்திலேயே எச்சரித்தது. கேட்கிற இடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவே 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் குண்டு வெடித்ததும் முதலில் அடி விழுந்தது யாருக்கு? 2019 மே மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. காட்டிக்கொடுத்தவனையும் சேர்த்து அடித்தால் அடுத்த தடவை எவன் வாயைத் திறப்பான்?

2017-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்களிடமே பேசி ஒரு அறிக்கை போட்டது. சேருவதற்கு உடனடிக் காரணம் என்ன என்று கேட்டதற்கு 71 சதவீதம் பேர் சொன்னது அரசின் நடவடிக்கையைத்தான். சொந்தக்காரனையோ சிநேகிதனையோ கொன்றது, பிடித்துக்கொண்டு போனது. ஆகவே 'மற்றும் பலர்' என்று எழுதும்போது ஸ்டேஷனில் யோசித்து எழுத வேண்டும். சும்மா பைக்கில் போன பையனைக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினால், திரும்பி வருகிறவன் பழைய பையனாக இருக்க மாட்டான்.

அதே சமயம் 'சமூகமே பார்த்துக்கொள்ளும்' என்று சொல்கிறவர்களையும் நான் நம்பவில்லை. எந்தச் சமூகம்? ஊர் ஒற்றுமை என்ற பெயரில் ஒதுக்கி வைத்ததும் சமூகம்தான். 2016 ஜனவரியில் வழுவூர் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோக ஹைகோர்ட் உத்தரவு வாங்கியிருந்தார்கள். கடைசியில் போலீசே வேறு வழியாகத் தூக்கிக்கொண்டு போனது. ஊர் அமைதியாகத்தான் இருந்தது, பிரச்சினையே அதுதான். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையை உடைத்தபோது மறுநாளைக்குள் புதுச் சிலை வந்துவிட்டது, அந்த வேகத்தைப் பாராட்டுகிறேன். பாதைக்கும் கூலிக்கும் சுடுகாட்டுக்கும் அந்த வேகத்தில் பாதி இருந்தால் போதும்.

பையன்கள் விஷயம் தனியாக எழுத வேண்டிய அளவுக்கு இருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பையன்கள் கூடப் படிக்கிறவன் வீட்டுக்கே போய் வெட்டினார்கள், நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டத் தடை விதிக்கச் சொன்னது உட்பட. கயிற்றை அவிழ்க்கலாம், ரீல்ஸை யார் அவிழ்ப்பது? எங்கள் பஸ்ஸில் வருகிற பிளஸ் டூ பையன்களைப் பார்க்கிறேன், கயிறு பாக்கெட்டில் இருக்கிறது, ஸ்கூல் கேட் தாண்டியதும் கைக்கு வந்துவிடுகிறது. திட்டுவதற்கு ஆள் இருக்கிறது. 'வாடா, சாயந்திரம் கபடி டீம் ரெண்டு தெருவும் சேர்ந்துதான்' என்று கூப்பிட ஆள் இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. திருவிழா, ஊர்வலம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஊருக்கு ஊர் உட்காருங்கள். நூறு நாள் வேலைப் பெண்கள், ஜமாஅத்தில் இளவயசு ஆள்கள், கோயில் பூசாரி, பி.டி. மாஸ்டர், டீக்கடைக்காரர் எல்லோரும் வரட்டும். போலீஸ் தரப்பில் ஒருவர் இருக்கலாம், ஆனால் அங்கே அவர் வேலை கேட்பது, துப்புச் சேகரிப்பது இல்லை. தன் மகன் தடம் மாறுகிறான் என்று ஒரு அம்மா வந்து சொன்னால் அவனை லிஸ்டில் ஏற்றாமல் அவனோடு பேச ஒரு ஆள் வேண்டும். பாதை, சுடுகாடு, கூலி என்று அங்கே வருகிற புகார் எல்லாம் கலெக்டர் ஆபீசுக்குத் தேதியோடு போய், பதிலும் தேதியோடு திரும்பி வர வேண்டும்.

இது என்.ஜி.ஓ. பேச்சு என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். சாதியையோ மதத்தையோ இழுத்துத் திட்டி எழுதினால் அழித்துவிடுவேன், அதில் சமாதானப் பேச்சு கிடையாது.