பழைய கதைக்குப் புது உடுப்பு மட்டும் காணாது

புதுப் பேட்மேன், புது ஸ்பைடர்மேன் என்று ஏதாவது வந்தால் போதும், கொமென்ட்டில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒன்று "ஒரிஜினலைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று குழறும். மற்றது "காலத்துக்கேற்ற மாதிரி மாத்தத்தானே வேணும்" என்று பதில் போடும். இரண்டு பகுதியும் பார்ப்பது உடுப்பை, தோல் நிறத்தை, நடிகரை. மூலக் கதை எந்த முடிச்சில் தொங்குகிறது, புதிதாக எழுதியவர் அதில் கை வைத்தாரா என்று ஒருத்தரும் கதைப்பதில்லை. கதைக்க வேண்டியதே அதைத்தான்.

எங்கட ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. யாழ்ப்பாணத்து இசை நாடகக்காரர் நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைச் சனம் பாய் போட்டு விடிய விடிய இருந்து பார்த்தது. லோகிதாசனைப் பாம்பு கடிக்கும், சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருவாள், அங்கே காவல் நிற்பவன் அரிச்சந்திரன் என்பதெல்லாம் மடியில் கிடந்த பிள்ளைக்கும் தெரியும். பாட்டு மாறலாம், ஆள் மாறலாம். சுடலைக் கூலி கேட்பவன் அவளுடைய புருஷன் என்பதை எடுத்துவிட்டால் பிறகு அங்கே நாடகம் இல்லை.

சூப்பர்ஹீரோ கதையில் அந்த முடிச்சு எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று பார்க்க, 1973 இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121 ஆம் இதழைத் திறவுங்கள். ஜெரி கொன்வே எழுத்து, கில் கேன் படம். வில்லன் கிரீன் கொப்ளின், ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து விழுத்துகிறான். ஸ்பைடர்மேன் வலை எறிகிறான். வலை அவளின் காலைச் சரியாகப் பிடிக்கிறது. பிடித்த அதே கட்டத்தில், அவளின் கழுத்தடியில், பொடி எழுத்தில் 'ஸ்நாப்' என்று ஒரு சத்தம். அவனுக்கு அது கேட்கவில்லை. தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு அவளை மேலே இழுக்கிறான். வந்தது பிரேதம். வலை சட்டென்று நிறுத்தியதில்தான் கழுத்து போனது என்று பிறகு வாசகர் கடிதப் பக்கத்தில் ஆசிரியர் தரப்பே எழுதியது. (பாலத்துக்கு எழுத்தில் ஜோர்ஜ் வொஷிங்டன் என்று பெயர், வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம். அரை நூற்றாண்டாக ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கதைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.)

இதே சாவுக்கு 2014 இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன் 2' படத்தில் இடம் மணிக்கூட்டுக் கோபுரம். வலை ஒரு கை மாதிரி விரிந்து நீளும், பிடிக்கும், ஆனால் தலை நிலத்தில் அடிபட்டுவிடும். எடுத்த விதம் நல்ல வடிவு. இருந்தும் பார்ப்பவர் மனதில் 'ஒரு கணம் முந்தியிருந்தால்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. 1973 இல் அந்த ஆறுதலுக்கு இடமே இல்லை. வலை நேரத்துக்குப் போனது, போனதால்தான் அவள் செத்தாள். பாலத்தை மாற்றியது பிரச்சினை இல்லை, சாவின் காரணத்தை நகர்த்தியதுதான் பிரச்சினை.

அதனால் ஒரு பழைய கதையைத் திருப்பி எழுத யோசிப்பவர்கள் பென்சிலைத் தொட முதல் அந்தக் கதையை ஒரு வசனத்தில் எழுதுங்கள். பெயர், ஊர், உடுப்பு, சக்தி எதுவும் அதில் வரக்கூடாது. 'காப்பாற்றப் போட்ட பிடியே உயிரை எடுத்தது.' இது நிற்கிறது. 'சிலந்தி கடித்த பெடியன் தன் காதலியை இழந்தான்' என்றால் பிழை, அது அட்டைப்படம். வசனம் கிடைத்த பிறகு, அந்த முடிவுக்கு வந்து சேரும் காரணங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றாக வெட்டிப் பாருங்கள். வெட்டியும் வசனம் உண்மையாக இருந்தால் அதை நீங்கள் மாற்றலாம். பொய்யானால் அதில் கை வைக்காதீர்கள்.

இந்தச் சோதனையில் பாஸ் பண்ணுகிற மாற்றம் எப்படி இருக்கும் என்றால், எக்ஸ்-மென்னின் 'டேய்ஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்'. 1981 இல் இரண்டே இதழ், 141 உம் 142 உம். கிளேர்மொன்ட்டும் பேர்னும் செய்தது. அழிந்துபோன எதிர்காலத்திலிருந்து கேற் பிரைடின் மனம் மட்டும் திரும்பி, தன் பதின்மூன்று வயது உடம்புக்குள் (அப்போது அவள் பெயர் கிற்றி) வருகிறது, ஒரு அரசியல் கொலையைத் தடுக்க. 2014 படத்தில் போவது வுல்வரின், போகிற ஆண்டு 1973. ரசிகர்கள் கத்தினார்கள். ஆனால் படத்தின் காலக்கணக்கில் 1973 இல் கிற்றி பிறக்கவே இல்லை, திரும்பிப் போக உடம்பு வேண்டுமே! வுல்வரினுக்கு வயது மிக மெதுவாகத்தான் ஏறும், ஆகவே அவர் போகலாம். பொறிமுறை கேட்ட மாற்றம், நியாயமான மாற்றம். இழந்ததும் உண்டு. பெரிய மனுசி ஒருத்தியின் துக்கத்தைச் சின்னப் பெட்டையின் முகம் சுமக்கிற அந்தக் காட்சி, தாடி வளர்த்த ஆளிடம் வராது.

அதே எக்ஸ்-மென்னின் 'டார்க் ஃபீனிக்ஸ்' இதற்கு நேர் எதிர். அதை இரண்டு தரம் படமாக்கி இரண்டு தரமும் கவிழ்த்தார்கள், 2006 இலும் 2019 இலும். இரண்டிலும் எழுத்தில் சைமன் கின்பேர்க் இருந்தார். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கதாநாயகி ஜீன் கிரே, ஃபீனிக்ஸ் என்ற பெரும் சக்தியாக எழும்பியது 101 ஆம் இதழில், 1976. செத்தது 137 இல், 1980. நான்கு வருஷம் இதழ் இதழாக வாசகர் அவளோடு இருந்தார்கள். 2006 இல் இந்தக் கதையை 'மருந்து கண்டுபிடித்தல்' என்ற இன்னொரு கதைக்குப் பக்கத்தில் கிளைக்கதையாகச் செருகினார்கள். 2019 இல் வந்த ஜீன், அதற்கு முதல் ஒரேயொரு படத்தில் பார்த்த பிள்ளை. அறிமுகமே சரியாக ஆகாதவளின் வீழ்ச்சிக்கு யார் அழுவது? முடிச்சை அறுக்காமல் வைத்திருந்தார்கள், ஆனால் அது இறுகுவதற்கான காலத்தைக் கொடுக்கவில்லை.

நீளம் என்றால் எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1962 இல் ஸ்பைடர்மேனின் பிறப்புக் கதை 11 பக்கம். 2000 ஆம் ஆண்டு 'அல்டிமேற் ஸ்பைடர்மேன்' அதையே ஏழு இதழுக்கு நீட்டியது. அது எடுபட்டதற்குக் காரணம், கூடின பக்கத்தை பென் பெரியப்பாவுக்குச் செலவழித்ததுதான். பழைய கதையில் அவர் சில கட்டம் வந்து செத்துப்போகிற ஆள். (பெரிய சக்தி, பெரிய பொறுப்பு என்ற வரியைக்கூட 1962 இல் அவர் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் பெட்டிக்குள் கிடக்கிறது.) பிறகு வந்தவர்கள் நீளத்தை மட்டும் பார்த்துக் கொப்பி அடித்தார்கள்: நான்கு பக்கம் கோப்பி குடிப்பார்கள், ஆறாம் பக்கம் ஒரு ஜன்னல். இதற்கு மறுகரையில், 2005 இல் தொடங்கிய 'ஓல்-ஸ்டார் சூப்பர்மேன்' முதல் பக்கத்தின் நான்கு கட்டத்தில், எட்டு ஆங்கிலச் சொல்லில், சூப்பர்மேனின் பிறப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறது. எல்லாருக்கும் தெரிந்ததை ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்?

சூப்பர்மேன் சாவு பற்றி ஒரு தொழில் விஷயம், கனபேர் கவனிக்காதது. 1992 கடைசியில் அந்தச் சண்டை முடியும் தறுவாயில், ஒரு இதழில் பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் இரண்டு, அவர் சாகிற 'சூப்பர்மேன்' 75 இல் பக்கத்துக்கு ஒரே ஒரு படம். வாசிப்பவருக்குக் காரணம் தெரியாது, மூச்சு மட்டும் முட்டும். 2016 இல் அதே சாவு படத்தில் வந்தபோது இந்த எண்ணிக்கைக்கு ஈடாக ஒன்றும் வைக்கவில்லை. சத்தம்தான் கூடியது.

அண்மையில் தொடங்கியவற்றில் எனக்குப் பிடித்தவை இரண்டு. 2024 இல் ஹிக்மன் தொடங்கிய 'அல்டிமேற் ஸ்பைடர்மேன்': ஸ்பைடர்மேனான பீட்டருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கலியாணம் முடித்து இரண்டு பிள்ளை, பென் உயிரோடு இருக்கிறார், செத்தது மே பெரியம்மா. குற்ற உணர்ச்சிதான் ஸ்பைடர்மேன் என்று பழகிய எங்களுக்கு இது முடிச்சை வெட்டினது போலத் தெரியும். உண்மையில் வேறு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். இளவயதில் அவனைக் கடிக்க வேண்டிய சிலந்தியை வேறொருவன் தடுத்துவைத்திருந்தான். பறிபோன வாழ்க்கை பிந்தி வந்து கதவைத் தட்டுகிறது, இழப்பதற்கு இப்போது குடும்பமே இருக்கிறது. மற்றது அதே ஆண்டின் 'அப்சலூட் பேட்மேன்'. காசு இல்லை, மாளிகை இல்லை, ஆல்ஃபிரட் வேலைக்காரனாக இல்லை, அம்மா உயிரோடு. புரூஸ் ஒரு பொறியியலாளர். நெஞ்சில் இருக்கிற வௌவால் சின்னம் கழன்று கோடரித் தலையாகும். பணக்காரன் இரவில் போய் ஏழைக் கள்ளனை அடிக்கிறான் என்ற பழைய குத்தலுக்கு, இதை எழுதும் ஸ்கொட் ஸ்னைடர் வாதாடாமல் காசையே எடுத்துவிட்டார்.

தலைகீழாக்குவது புது வித்தையும் அல்ல. லயன் கொமிக்ஸில் வந்த ஸ்பைடர் நினைவிருக்கும், கொள்ளைக்காரனாகத் தொடங்கி நல்லவனான அந்தக் கூர்மண்டையன். அந்தப் பிரித்தானியத் தொடரைக் கனகாலம் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெரி சீகல்தான்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ரப்லெட்டில் நன்றாக வரைகிற பெடியள், பெட்டையள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற 'எங்கட ஊர் ஸ்பைடர்மேன்' பெரும்பாலும் நல்லூர்க் கோபுரத்தில் ஒருவர் தொங்குவதோடு நின்றுவிடுகிறது. முதலில் நிலத்தைப் பாருங்கள். குடாநாடு சமதரை. வலையில் ஆட, தலைக்கு மேல் தொடர்ச்சியாக உயரம் வேண்டும். பனையில் கட்டி 15 மீற்றர் கீழே ஊஞ்சலாடி வந்தால் அடியில் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டும். அந்த வேகத்தில் ஒழுங்கைக்குள் எங்கே திரும்புவது, கரண்ட் கம்பியை என்ன செய்வது? எங்கட ஆள் மதில் ஏறி, கிடுகு வேலிக்குள்ளால் பூந்து, கிணற்றுக்குள் இறங்குகிற ஆளாகத்தான் இருப்பார். வௌவால் குகை வேண்டுமென்றால் எங்கட காலடியிலேயே சுண்ணாம்புக்கல். நிலாவரையில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. அதை ஒருத்தரும் இன்னும் பாவிக்கவில்லையே என்பது என் குறை.

அதைவிடப் பெரிய விஷயம் முகமூடி. நியூயோர்க்கில் முகத்தை மூடுவது வீட்டாரைக் காப்பாற்ற. இங்கே இராணுவச் சுற்றிவளைப்பில் சனத்தை வரிசையாக நடக்கவிட்டபோது, சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு முன்னால் இருந்தவர் தலையாட்டி. அவர் தலை அசைந்தால் ஆள் போனது. தொண்ணூறுகளின் ஒரு ஒழுங்கையில் முகமூடி போட்ட ஒருவர் வந்தால் சனம் கை தட்டாது. பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டும். 'சிவில் வோர்' (2006) இரண்டாம் இதழில் பீட்டர் பத்திரிகையாளருக்கு முன்னால் முகமூடியைக் கழற்றுகிறான். அதை இங்கே எழுதினால் கழற்றுகிற காட்சி பெருமையான காட்சியாக இருக்க முடியாது. முகமூடிக்குக் கீழே இருப்பது யாருடைய மகன், யாரைப் பார்த்துத் தலையாட்டியவன் என்று கூட்டத்தில் ஒரு தாய் கேட்பாள். மூலத்தின் கேள்வி 'உண்மைப் பெயரை அரசாங்கத்திடம் பதிவு செய்வதா இல்லையா'. அந்த எலும்பு அப்படியே இருக்க, சதை முழுக்க எங்களுடையதாகிவிடும். இப்படி ஒரு கதை வந்தால் முதல் பிரதி எனக்கு.

வரைய வெளிக்கிடுபவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். ஆங்கில பலூன் அளவை வைத்துக்கொண்டு தமிழை அடைக்காதீர்கள், எங்கட சொற்கள் நீளம். ஒரு பலூனுக்கு 12 சொல், ஒரு கட்டத்துக்கு இரண்டு பலூன், அதுக்கு மேல் போனால் வசனத்தை வெட்டுங்கள். பருமட்டாகக் கீறும்போதே எழுத்தையும் வைத்துப் பாருங்கள். படத்தை முடித்துப்போட்டுப் பலூனுக்கு இடம் தேடினால் கடைசியில் ஆரோ ஒருவரின் தலைதான் மறையும். ஃபோட்டோஷொப்பில் யூனிகோட் தமிழை ஒட்டும்போது 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைத் திட்ட வேண்டாம். பழைய பதிப்பென்றால் பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தெரிவு செய்து, பந்தி அமைப்பிலும் வேர்ல்ட்-ரெடி கொம்போசரைப் போடுங்கள். கோட்டுப்படம் 600 டிபிஐ, வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் விடுங்கள். எழுத்துக்குத் தனிக் கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பென்றால் அச்சு ஒரு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்துக்குச் சிவப்பும் நீலமுமாய் ஓரம் கட்டும். நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிய வேண்டும், கதையை 22 பக்கத்தில் முடித்துவிட்டு அச்சகத்தில் போய் முழிக்கக் கூடாது.

விற்கப் போகிறீர்கள் என்றால் பெயரையும் சின்னத்தையும் விட்டுவிடுங்கள். அமெரிக்கச் சட்டப்படி 1938 இன் சூப்பர்மேன் கதை பொதுவுடைமையாவது 2034 இல், 1939 இன் பேட்மேன் 2035 இல், 1962 இன் ஸ்பைடர்மேனுக்கு 2058 வரை பொறுக்க வேண்டும். வர்த்தகச் சின்னம் அதற்குப் பிறகும் அவர்களிடமே இருக்கும். முகநூலில் சும்மா போட்டாலும் அது அனுமதி ஆகாது, கண்டுகொள்ளாமல் விடுவார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன ஒரு வசனத்துக்கு மட்டும் ஒருத்தரும் உரிமை கேட்க முடியாது. அதை எடுத்துக்கொண்டு ஆளுக்கு உங்கட பெயரை வைத்தால், அட்டையில் தாராளமாக விலை அடிக்கலாம்.