உறை மாட்டினால் மட்டும் போதாது

குளிரில் வீட்டுத் தண்ணீர் பைப் உறைந்து வெடிக்காமல் காப்பது பற்றிய ஒரு கட்டுரை, பைப்புக்கு நுரை உறை மாட்டினால் குளிர்காலம் முழுக்கத் தாங்கும் என்கிறது. தாங்காது. உறை சூடு உண்டாக்காது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். டொரன்டோவில் இரவெல்லாம் மைனஸ் 20 நின்றால், சூடில்லாத இடத்தில் உறைக்குள்ளேயே தண்ணீர் உறைந்துவிடும்.

கனடா வீடுகளில் முதல் வேலை தோட்டத்துக் குழாய்தான். ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்ட்டில் அதற்குரிய வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்துவிடுங்கள். பிறகு வால்வின் பக்கவாட்டில் உள்ள சின்ன மூடியைத் தளர்த்தி, வாளி வைத்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வடிந்ததும் மூடியை இறுக்குங்கள். வெளிக்குழாய் திறந்தே இருக்கட்டும். 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' (உறையாதபடி வால்வு சுவருக்கு உள்ளே தள்ளி இருக்கும்) குழாய்தானே என்று ஹோஸை மாட்டியே வைத்தால் தண்ணீர் வடியாமல் தங்கி அதுவும் பிளக்கும். வசந்தத்தில் திறக்கும்போதுதான் சுவருக்குள் கொட்டுவது தெரியும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் பைப் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறித்தான் வெடிக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கில் மெல்லிசாகத் தண்ணீர் ஒழுக விடச் சொல்வது அதற்காகத்தான். சிங்க்கின் கீழ் அலமாரிக் கதவையும் திறந்து வையுங்கள். வெளியூர் போனாலும் ஹீட்டிங் 13 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம்.

உறைந்தே விட்டால், குழாயைத் திறந்து வைத்து, குழாய் இருக்கும் பக்கத்திலிருந்து ஹேர் ட்ரையரால் சூடாக்கிக்கொண்டே உள்ளே போங்கள். டார்ச் நெருப்பு வேண்டவே வேண்டாம்.