ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்படி என்னதான் நடக்குது?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் இதே புகார்தான்: "மணி ஒண்ணாகியும் போனை வைக்க மாட்டேன்றான்." திட்டுறோம், போனைப் பிடுங்குறோம். ஏன் குறிப்பா அந்த நேரம்னு யாரும் கேட்கிறதில்லை.

கென்ஷின் இம்பாக்ட்ங்கிற ஆன்லைன் கேம் ஆடுற பையன்னா விடை சுலபம். அதோட ஆசியா சர்வரில் நாள் மாறுறது அந்த சர்வர் நேரப்படி விடியற்காலை 4 மணி, நமக்கு ராத்திரி 1.30. அதுக்குள்ள அன்னைக்கான நாலு வேலையை முடிச்சா 60 பிரிமோஜெம், அதாவது ஆட்டத்துக்குள்ள செல்லுற காசு. ஒரு விஷ் போட, அதாவது கேரக்டருக்காக ஒரு தடவை குலுக்கிப் பார்க்க, 160 வேணும். அஞ்சு நட்சத்திர கேரக்டர் விழ ஒவ்வொரு விஷ்ஷிலும் வாய்ப்பு 0.6 சதவீதம், மத்ததுல விழலைன்னாலும் 90ஆவதுல கட்டாயம். அதாவது 14,400 பிரிமோஜெம். தினசரி வேலையை மட்டும் நம்பினா 240 நாள்! அப்பவும் விழுறது ஆசைப்பட்ட கேரக்டர்தான்னு உத்தரவாதம் இல்லை. காசு கொடுத்து வாங்குற பட்டன் எதுக்குன்னு இப்போ புரியும்.

ரூன்ஸ்கேப்னு இன்னொரு ஆன்லைன் கேம். அதுல 99ஆம் லெவலுக்கு 1,30,34,431 எக்ஸ்பி (ஆட ஆட ஏறுற அனுபவப் புள்ளி) வேணும். 92ஆம் லெவல்ல நிக்கிறவன் தாண்டினது அதுல பாதிதான். "இன்னும் ஏழே லெவல்மா"ன்னு சொன்னா நம்பிடாதீங்க.

கேரம்ல 25 பாயின்ட் இல்லைன்னா 8 போர்டு, கேம் முடிஞ்சுது, எழுந்து டீ குடிக்கப் போகலாம். இந்த ஆன்லைன் கேம்ல அந்த முடிவே கிடையாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற கேம் 2004இல் வெளிவர்றதுக்கு முன்னாடி, சோதனைக் கட்டத்துல, தொடர்ந்து ஆடினா எக்ஸ்பி பாதியாகும்னு வெச்சாங்க. ஆடினவங்க கொதிச்சுப் போனாங்க. உடனே பேச்சைத் திருப்பிட்டாங்க: ஓய்வெடுத்துட்டு வந்தா 200 சதவீதம், அது தீர்ந்தா வழக்கமான 100. கணக்கு பழசுதான், தண்டனை மட்டும் போனஸ் ஆயிடுச்சு. கெட்டிக்கார வேலை, ஒத்துக்கணும்.

ஆனா என்னைக் கேட்டா, கணக்கைவிட பலமான பிடி ஆளுங்கதான். அந்த கேம்ல ஒரு டன்ஜனுக்கு, அதாவது கூட்டா உள்ளே போய் எதிரிகளோட மோதுற ஒரு குகைக்கு, அஞ்சு பேர்: அடி வாங்க ஒரு டேங்க், உயிரேத்த ஒரு ஹீலர், அடிக்க மூணு பேர். பெரிய எதிரியான பாஸோட சண்டை நடுவுல "சாப்பிட வா"ன்னு கூப்பிட்டு ஹீலர் எழுந்தா, அரை நிமிஷத்துல டேங்க் காலி, பின்னாடியே மிச்ச பேரும். வீட்ல தனக்குன்னு ஒரு அலமாரி இல்லாத பையனுக்கு அங்கே பேர், பதவி, காத்திருக்க நாலு ஆள். அதை வெறும் போதைன்னு தள்ளிட முடியாது. பிடுங்குறதுக்கு முன்னாடி "இந்த ஆட்டச் சுற்று முடிய எவ்ளோ நேரம்?"னு கேளுங்க. சொன்ன நேரத்துல முடிக்கலைன்னா அப்புறம் தாராளமா திட்டலாம்.

நள்ளிரவு 12லிருந்து 5 வரைக்கும் தடைன்னு தமிழ்நாட்டில் 2025இல் வந்த விதி பணத்தைப் பந்தயம் கட்டி ஆடுற ஆட்டத்துக்குத்தான் வந்தது. இதை அதால தடுக்க முடியாது.

புதுசா கென்ஷின் ஆரம்பிக்கிறவன்னா ஐரோப்பா சர்வரை எடுக்கச் சொல்லுங்க. பிங் ஏறும், அதாவது ஆட்டம் கொஞ்சம் தாமதமா பதில் சொல்லும், ஆனா நாள் மாறுறது நமக்குக் காலை 8.30. பாதியில சர்வர் மாத்தினா சேர்த்தது எதுவும் கூட வராது, அதனால முதல் நாளே முடிவு பண்ணணும். ஏற்கெனவே ஆசியாவுல இருக்கிறவன் வேலையைச் சாயங்காலமே முடிச்சுடலாம். பரிசு வாங்கச் செலவாகுற ரெசின்ங்கிற சக்தி 8 நிமிஷத்துக்கு ஒண்ணுதான் ஏறும். உச்சவரம்பான 200 நிரம்ப 26 மணி 40 நிமிஷம். தினம் அதே நேரத்துக்கு ஒரு தடவை திறந்து செலவழிச்சாலே ஒண்ணும் வீணாகாது. பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி வெச்சிடுங்க, அந்த பாஸ்வேர்ட் பையனுக்குத் தெரியக்கூடாது.