கானா பாட்டைக் கண்டுபிடித்தவர் தேவாவா?

"கானா பாட்டு 1990-களில் சினிமாவுக்காக இசையமைப்பாளர் தேவா கண்டுபிடித்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. 1996-இல் 'காதல் கோட்டை'யில் 'கவலைப்படாதே சகோதரா' என்று அவரே பாடி, கானாவைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் கானா அதற்கு வெகு முன்பே வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு தெருக்களில் புழங்கியது. சாவு வீட்டுப் பந்தலில், மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள். இறந்தவர் யார், என்ன வேலை பார்த்தார், யாரையெல்லாம் விட்டுப் போனார் என்று அங்கேயே வரி கட்டுவார்கள். டோலக் இல்லையா, மேசையைத் தட்டினால் தாளம். கூலி வேலை பார்த்த எத்தனையோ பேர் வளர்த்த கலை இது. அதை ஒரே ஆள் கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம். அந்தத் தகவலைப் பகிர்ந்திருந்தால் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.